ஆறு மாத அவகாசமும் ஒரு கட்டிலும்

ஜூன் 9, திங்கள்

நீதிபதி அம்மா ஆறு மாதம் கொடுத்திருக்கிறார். "இன்னும் ஒரு தடவ உக்காந்து பேசிப் பாருங்க" என்றார். கல்யாணமான பதினோரு வருடத்தில் நானும் இசக்கிராஜனும் ஒரே கருத்துக்கு வந்தது இந்தப் பிரிவு விஷயத்தில் மட்டும்தான். அதையும் யோசித்துச் செய்யச் சொல்கிறது சட்டம். டிசம்பர் 11 மறுபடி வர வேண்டும்.

என் அண்ணன் தங்கதுரை கோர்ட் வாசல்வரை வந்தார். "சீர் சாமான் ஒண்ணு விடாம திருப்பி வாங்கிரணும் செல்வி. அதுல நம்ம கௌரவம் இருக்கு" என்றார். சாமான் எங்கே வந்து இறங்கும், நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்கவில்லை. பாளையங்கோட்டையில் மாடியில் ஒற்றை அறை எடுத்திருக்கிறேன் என்று நானாகச் சொன்னேன். "நல்ல காத்து வரும்" என்றார்.

மதியம் வேலைக்குப் போய் இரண்டு பாகப்பிரிவினைப் பத்திரம் தட்டச்சு செய்தேன். பத்திரம் எழுதுபவரிடம் பதினான்கு வருடமாக வேலை. அடுத்தவர் வீட்டை நான்கு எல்லை குறித்துப் பிரித்துக் கொடுப்பதில் என் கை பழகியிருக்கிறது.

ஜூன் 14, சனி

மாதக் கடைசியில் அனுப்புவதாகச் சொன்ன சாமான்கள் ஐந்தே நாளில் வந்துவிட்டன. சொன்ன தேதிக்கு முன்னால் இசக்கிராஜன் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. அவர் வீட்டில் இடத்தை யாருக்காகக் காலி செய்கிறாரோ தெரியவில்லை. எனக்கு அது தேவையும் இல்லை.

வந்தவை: இரட்டைக் கட்டில் ஒன்று. நிலைக்கண்ணாடி மேசை ஒன்று. சாப்பாட்டு மேசை ஒன்று, நாற்காலி நான்கு. குத்துவிளக்கு ஒரு ஜோடி. பித்தளை அண்டா.

வராதது: ஆஸ்பத்திரி ஃபைல். அது சீரில் சேராது. நானும் கேட்கவில்லை.

லோடு இறக்க வந்தவர் கட்டிலை மூன்று விதமாகப் புரட்டிப் பார்த்தார். "யக்கா, படி திரும்புத எடத்துல கட்டில் திரும்ப மாட்டேங்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எல்லாம் முற்றத்தில் கிடக்கின்றன. கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார ஜெசிந்தா அக்கா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், குரலில் இன்னும் வார்டு இருக்கிறது. "ஒரு வாரம் கெடக்கட்டும் செல்வி. பொறவு எனக்குத் துணி காயப்போட எடம் வேணும்."

ஜூன் 17, செவ்வாய்

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"விக்கலாம்னு நினைக்கேன் அண்ணே."

"என்னது? அப்பா குடுத்த கட்டிலு. அசல் தேக்கு. நான்தான் நின்னு எடுத்தேன். அத விப்பாங்களா?"

"அப்போ உங்க வீட்டுல வச்சுக்கிடுங்க."

"உங்க மதினி வாஸ்து பாக்கா. வாழாத கட்டில உள்ள விட மாட்டா."

ஆக, விற்கக்கூடாத, வைக்கக்கூடாத, மழையில் நனையக்கூடாத ஒரு கட்டிலுக்கு நான் சொந்தக்காரி. பத்திரத்தில் இப்படி ஒரு சொத்தை எழுதக் கொடுத்தால் எங்கள் சார் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஜூன் 22, ஞாயிறு

அறுத்துவிட்டேன்.

கோபத்தில் அறுத்தேன் என்று ஜெசிந்தா அக்கா நினைக்கிறார். இல்லை. கெடு முடிந்தது, அவ்வளவுதான். காலையில் பேட்டை ரோட்டில் பழைய மரக்கடை வைத்திருக்கும் காஜா பாயிடம் போய் ஒரு ரம்பம் கேட்டேன். இடித்த வீட்டுக் கதவு, ஜன்னல், உத்தரம் எல்லாம் வாங்கி விற்பவர். "எதுக்கும்மா?" என்றார். கட்டில் அறுக்க என்றதும் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, நானே வந்து பார்க்கிறேன் என்று வண்டியில் ஏறிவிட்டார்.

வந்தவர் கட்டில் காலை நகத்தால் சுரண்டினார், மோந்து பார்த்தார்.

"தலைமாட்டுப் பலகை மட்டுந்தான் தேக்கு. சட்டமும் காலும் வேம்பு. மேல பூசியிருக்க பாலிஷ்தான் தேக்கு நெறம்."

அசல் தேக்கு என்று இரண்டு குடும்பமும் பதினோரு வருடம் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. இதன்மேல் படுத்திருந்த எங்கள் இருவருக்கும்கூடத் தெரியாது. அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

கட்டிலைப் புரட்டியபோது அடியில் செப்புத் தகடுகள். அத்தை, அதாவது இசக்கிராஜனின் அம்மா, பிள்ளை வரம் வேண்டி மந்திரித்து அடித்தவை. குறடு போட்டுப் பிடுங்கினேன். ஏழு. ஏழும் சுவரோரம், அவர் படுக்கும் பக்கம். என் பக்கம் ஒன்றுகூட இல்லை. அத்தைக்கு மூட்டு வலி. எப்படித்தான் அவ்வளவு தூரம் உள்ளே தவழ்ந்து போய் அடித்தாரோ.

உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

ஜூலை 6, ஞாயிறு

முதல் ஸ்டூல். போனில் நான்கு வீடியோ பார்த்துச் செய்தது. ஒரு கால் உயரமாக இருந்தது, அறுத்தேன். உடனே மற்ற மூன்றும் உயரமாகிவிட்டன. அவற்றைத் திருத்தினேன். இப்படியே போய், ஒன்றரை அடியில் தொடங்கிய ஸ்டூல் சாயங்காலம் முக்கால் அடி மணையாக வந்து நின்றது. ஆடவில்லை. ஆடுவதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை.

ஜூலை 8, செவ்வாய்

ஜெசிந்தா அக்கா மணையை எடுத்துப் போய்விட்டார். "காலு நீர் கோத்துக்கிட்டு வருது. தூக்கி வைக்க இந்த உயரந்தான் சரி. அளந்து செஞ்சியோ?"

ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சாப்பாட்டு நாற்காலி நான்கில் இரண்டைப் பிரித்து, முதுகுச் சட்டங்களை வைத்துச் செருப்பு அலமாரி செய்தேன். நிலைக்கண்ணாடி மேசையின் இழுப்பறை இரண்டும் சுவரில் மாட்டும் தட்டுகளாகிவிட்டன. ஒன்று எங்கள் சாருக்கு, முத்திரைத்தாள் வைத்துக்கொள்ள. காஜா பாய் உடைந்த ஜன்னல் கம்பும் துண்டுப் பலகையும் ஒதுக்கி வைக்கிறார். "நீங்க வெறகாக்காம எடுத்துட்டுப் போறியளே, அதுவே போதும்."

இப்போது மூலைமட்டம் வைத்துக் கோடு போட்ட பிறகுதான் அறுக்கிறேன். கோடு கோணினால் மரம் உடனே காட்டிக்கொடுத்துவிடுகிறது. மரத்திடம் எனக்குப் பிடித்தது அது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இசக்கிராஜன் வந்தார். வக்கீல் கொடுத்த ஒரு தாளில் கையெழுத்து வேண்டுமாம். தபாலில் அனுப்பியிருக்கலாம்.

மொட்டை மாடியில் மரத்தூளுக்கு நடுவே நின்றார். புது ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னேன். பாதி உடம்பை மட்டும் வைத்து, எந்த நேரமும் எழுந்துகொள்ளத் தயாராக உட்கார்ந்தார். நான் செய்த எதையும் அவர் இப்படித்தான் முழுதாக நம்பியதில்லை, என் சாம்பார் உட்பட.

"நல்லாத்தான் செஞ்சிருக்க."

"காலு நாலும் சமம். தைரியமா உக்காருங்க."

கையெழுத்தான பிறகும் போகவில்லை. "செல்வி, நீ யார்ட்டயாவது எதாச்சும் சொன்னியா?"

"எதை?"

"ஒண்ணும் இல்ல. சும்மா கேட்டேன்."

"சொல்லணும்னா ஒன்பது வருசம் கெடந்துச்சே."

படியில் இறங்கும்போது திரும்பி ஏதோ சொல்ல வந்தார். ஜெசிந்தா அக்கா கீழே நிற்பதைப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். நிற்பது என்றால், வாளியும் இல்லாமல் துணியும் இல்லாமல் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஒரு பெண் வந்தாள். முப்பத்து மூன்று, நான்கு இருக்கும். சண்முகக்கனி என்று பேர், கூட்டுறவு பண்டகசாலையில் வேலை. ஏழு வயது மகளுக்குப் படிக்கச் சின்ன மேசை வேண்டும், தரையில் உட்கார்ந்து எழுதுவது மாதிரி. மகளின் உட்கார்ந்த உயரத்துக்கு ஒரு நூலில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். இவ்வளவு சரியாக அளவு கொடுத்தவர் இதுவரை யாரும் இல்லை.

மரங்களைப் பார்த்துவிட்டு, சுவரில் சாய்த்திருந்த தேக்குப் பலகையைத் தொட்டாள். "இதுல செய்வியளாக்கா?" கட்டிலின் தலைமாடு. பழைய மரம் என்று மட்டும் சொன்னேன்.

நிறையக் கேட்டாள். தனியாகவா இருக்கிறீர்கள், பயமில்லையா, சமையல் எப்படி. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிலர் அப்படித்தான், தச்சு வேலை செய்யும் பெண்ணைக் கண்டால் அதிசயம்.

அக்டோபர் 5, ஞாயிறு

எனக்குத்தான் புரியவில்லை. ஜெசிந்தா அக்காவுக்கு முழு விவரமும் தெரிந்திருக்கிறது.

"ஒன் வீட்டுக்காரனுக்குப் பொண்ணு பாத்தாச்சு. புருசன் விபத்துல செத்துட்டான், ஒரு பொம்பளப் பிள்ள. பண்டகசாலையில நிக்கா. போன மாசம் இங்க வந்துட்டுப் போனாளே, அவதான்."

இரண்டு நாளாக ரம்பம் தொடவில்லை. ஏன் என்று கேட்டால் மழை என்று சொல்வேன். மழை நேற்று பெய்யவில்லை.

யோசித்ததை எழுதிவைக்கிறேன். அவளிடம் உள்ளதைச் சொன்னால் கல்யாணம் நின்றுபோகலாம். நின்றால் இசக்கிராஜன் டிசம்பரில் வந்து சம்மதம் என்று சொல்லாமல் போகலாம். அப்புறம் வழக்கு நடத்தி எத்தனை வருடமோ. சொல்லாவிட்டால் எனக்கு விடுதலை, அவளுக்குத் தகடு அடித்த கட்டில்.

பத்திரத்தில் வில்லங்கம் இருந்தால் வாங்குபவருக்குச் சொல்லியாக வேண்டும் என்று எங்கள் சார் தினமும் சொல்கிறார். அவர் சொல்வது நிலத்தைப் பற்றி.

அக்டோபர் 12, ஞாயிறு

சண்முகக்கனி மேசை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்க வந்தாள். நான் காபி போடவில்லை. போட்டால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பட்டது.

"நீ யாருன்னு தெரியும்" என்றேன்.

கொஞ்சம் தடுமாறினாள். "ஒங்களப் பாக்கணும்னுதாங்க்கா வந்தேன். மேசைன்னது சாக்கு. ஆனா மேசையும் வேணும்."

"ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு என்ன வேணா முடிவெடு. அவருக்குப் பிள்ள பொறக்காது. டாக்டர் கொறைன்னு சொன்னது அவர. என்னை இல்ல."

ஒன்பது வருடமாக நாக்குக்கடியில் வைத்திருந்த வாக்கியம். வெளியே எடுத்துப் பார்த்தால் ஒரு மூச்சுக்குக்கூட வரவில்லை, அவ்வளவு சின்னது.

அவள் அதிரவில்லை. "தெரியும்க்கா. பாத்த மொத நாளே சொல்லிட்டாரு."

"மொத நாளேயா?"

"ஆமா. அழுதுக்கிட்டே சொன்னாரு. எனக்கு என் பிள்ள ஒண்ணு போதும். மறைக்காம சொன்னாருல்லா, அதனாலதான் சரின்னேன்."

டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்த அன்று, ஆஸ்பத்திரி வேப்ப மரத்தடியில் நின்று, யாரிடமும் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத மனிதர். எவளோ ஒருத்தியிடம் ஒரே சாயங்காலத்தில் சொல்லியிருக்கிறார். எனக்குக் கோபம் இல்லை. பலகை இழைக்கிற இழைப்புளியைத் தேடினேன். அது என் கையிலேயே இருந்தது.

"வீட்டுல எல்லாருக்கும் தெரியும், என் வீட்டுக்காரிதான் பெருந்தன்மையா வெளிய சொல்லலன்னும் சொன்னாரு" என்றாள்.

"வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. எங்க அண்ணனுக்கே தெரியாது."

"அப்போ ஊரு என்ன நினைக்கு?"

"நான் மலடின்னு நினைக்கு."

அவள் வெகுநேரம் நூலில் இருந்த முடிச்சை அவிழ்க்கவும் போடவுமாக இருந்தாள். எழுந்து போகும்போது, "மோசமான ஆளு இல்லக்கா. பயந்த ஆளு" என்றாள். கூடவே வாழ்ந்தும் எனக்குக் கிடைக்காத வார்த்தை, அவளுக்கு இரண்டு மாதத்தில் கிடைத்திருக்கிறது.

"மேசைய முடிச்சு வைங்கக்கா."

நவம்பர் 2, ஞாயிறு

தலைமாட்டுப் பலகையில் இரண்டு மயில் செதுக்கியிருந்தது. இழைத்துத் தள்ளிவிடலாம் என்று ஆரம்பித்தேன், மயிலின் கொண்டையோடு நிறுத்திவிட்டேன். பலகையைத் திருப்பிப் போட்டு, மயில் பக்கம் அடியில் வரும்படி பொருத்திவிட்டேன். மேலே வழவழப்பு. மேசைக்கடியில் யாராவது படுத்துப் பார்த்தால்தான் தெரியும். இசக்கிராஜன் மேசைக்கடியில் படுக்கிறவர் இல்லை.

கால்கள் வேம்பு. இந்தத் தடவை நிறம் பூசவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

சண்முகக்கனி ஆட்டோவோடு வந்து மேசையை எடுத்துக்கொண்டாள். உப்புத்தாள் போட்ட விளிம்பை விரலால் ஓட்டிப் பார்த்தாள்.

"அவர்ட்ட சொல்லிட்டேங்க்கா. கோர்ட்டுக்கு வரும்போது ஒங்க அத்தை முன்னால, ஒங்க அண்ணன் முன்னால வாயத் தொறந்து உள்ளதச் சொல்லணும். சொன்னா தை மாசம் தாலி. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கிடட்டும்."

"ஏன் இந்த வேலை? அவர் சொல்ல மாட்டார். கோர்ட்டுக்கே வராமப் போயிட்டா?"

"நாளைக்கு என் மேல ஒரு பழி வந்தா, அப்பவும் இப்படித்தான் வாய மூடிக்கிட்டு இருப்பாரு. எனக்கு அது தெரியணும்லா?"

எனக்காகத்தான் செய்கிறாள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். அவளுக்காகச் செய்கிறாள். அதுதான் சரி. நானும் எனக்காக எதையாவது அந்த வயதில் கேட்டிருக்கலாம்.

நவம்பர் 30, ஞாயிறு

வேலை ஒன்றும் ஓடவில்லை. ஒரே பலகையை இரண்டு தடவை தப்பாக அறுத்தேன். மரம் ஈரம்.

டிசம்பர் 11, வியாழன்

வந்தார். அத்தையையும் கூட்டிவந்தார்.

உள்ளே நடந்தது ஐந்து நிமிஷம். சம்மதமா, சம்மதம். யாராவது வற்புறுத்தினார்களா, இல்லை. நீதிபதி அம்மா தலையை நிமிர்த்தி இரண்டு பேரையும் ஒரு தடவை பார்த்தார், முடிந்தது.

வெளி வராந்தாவில் அண்ணன் காத்திருந்தார். அத்தை அவரிடம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு பிள்ள தங்கியிருந்தா இந்தப் படி ஏறியிருப்போமாய்யா?" என்றார். அண்ணன் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டார். ஒன்பது வருடமாக என் பொருட்டு அவர் குனிந்த தலை.

இசக்கிராஜன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை முழுதும் வியர்வை.

"யம்மா. கொறை எங்கிட்டதான். அவகிட்ட ஒண்ணும் இல்ல. டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு. நான்தான் அவள சொல்லவிடல."

சொல்லிவிட்டார். அண்ணன் நிமிர்ந்தார். நான் அத்தையைப் பார்த்தேன், விழுந்துவிடுவாரோ என்று கையைக்கூட நீட்டிவிட்டேன்.

அத்தை சுற்றிலும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "அதுக்கு ஏண்டா கத்துதே? எனக்குத் தெரியாதா?" என்றார்.

இசக்கிராஜன் பிடித்திருந்த தூணை விட்டார்.

"எப்படித் தெரியும்?" இது நான்.

"ஃபைல ஒளிச்சு வச்சா? எனக்குப் படிக்கத் தெரியாட்டி படிக்கத் தெரிஞ்சவளுவ இல்லியா? மறுவாரமே தெரியும்."

"அப்போ ஏன் அத்தை என்னைக் கோயில் கோயிலாக் கூட்டிட்டுப் போனிய? நாலாம் வருசம் தீச்சட்டி எடுக்க வச்சியளே, அது எதுக்கு?"

"நேர்த்திய நிறுத்துனா ஊரு ஏன்னு கேக்கும்லா. ஆம்பளப் பிள்ளய விட்டுக்குடுக்க முடியுமா?" பிறகு என் தோளைத் தொட்டார், நிஜமான பிரியத்தோடு. "நீ தாங்குவன்னு எனக்குத் தெரியும்ட்டி. அடுத்த வீட்டுப் பிள்ளைன்னாலும் கெட்டிக்காரி நீ."

அத்தைக்குத் தெரியாமல் அவரும் நானும் காத்தோம். எங்களுக்குத் தெரியாமல் அத்தை காத்தார்; ஏழு தகடும் மகன் பக்கமே அடித்திருந்தது அதனால்தான். ஒரே வீட்டில் மூன்று பேர் ஒரே ரகசியத்துக்கு ஆளுக்கொரு பக்கம் நின்று காவல். அதற்கு நடுவே நான் வெறுங்காலோடு நெருப்பைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன்.

அத்தை கையைப் பிடித்து என் தோளிலிருந்து எடுத்துவிட்டேன். மெதுவாகத்தான். இசக்கிராஜன் என்னவோ சொல்ல வந்தார். "சொல்லிட்டிய, போதும். பண்டகசாலையில காத்துக்கிட்டு இருப்பா, போங்க" என்றேன்.

அண்ணன் வண்டியில் கொண்டுவிட்டார். பாதி வழியில் ஒரு சோடாக் கடையில் நிறுத்தினார். இரண்டு பன்னீர் சோடா சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு நெசமாவே தெரியாதுட்டி."

"தெரியும் அண்ணே."

"நீ சொல்லியிருக்கலாம்லா."

"நீங்க கேட்டிருக்கலாம்லா."

சோடா முடிந்தது. பாட்டிலை வைத்த பிறகும் வண்டியை எடுக்கவில்லை.

"நம்ம வீட்டு மாடி ரூமு கதவ மாத்தப்போறேன். பழசு, நல்ல பலா. ஒனக்கு ஆவுமா?"

"ஆவும்."

கொஞ்சம் தூரம் வந்த பிறகு, வண்டிச் சத்தத்துக்கு நடுவே, "அந்த ரூமு சும்மாதான் கெடக்கு" என்றார். "மதினிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அதைக் காதில் வாங்க எத்தனை வருடம் ஆசைப்பட்டேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

"கதவு போதும் அண்ணே" என்றேன்.